குவார்ட்டர்பேக்குக்கு யார் மார்க் போடுவது?

அமெரிக்கர்களின் பேச்சில் அடிக்கடி வரும் ஒரு தொடர், 'திங்கட்கிழமைக் காலை குவார்ட்டர்பேக்'. எல்லாம் நடந்து முடிந்த பிறகு, "இப்படிச் செய்திருக்க வேண்டும், அப்படிச் செய்திருக்க வேண்டும்" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்கிற ஆளுக்கு அங்கே அந்தப் பெயர். கல்லூரி ஃபுட்பால் சனிக்கிழமை நடக்கும். ஞாயிறு கோயிலுக்கும் ஓய்வுக்கும் போய்விடும். திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டியதும் முதல் வேலை, சனிக்கிழமை தோற்றுப்போன குவார்ட்டர்பேக்கை விசாரணை செய்வது. அதனால்தான் திங்கட்கிழமை.

இந்தத் தொடரை முதலில் பயன்படுத்தியவர் பாரி வுட் என்று சொல்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக அணியின் குவார்ட்டர்பேக். 1931ஆம் ஆண்டு அணித் தலைவர். அந்த வருடம் ஹார்வர்டு வரிசையாக ஜெயித்துக்கொண்டே வந்து, கடைசி ஆட்டத்தில் பரம வைரியான யேல் பல்கலைக்கழகத்திடம் 3-0 என்று தோற்றது. யேல் அணியின் ஆல்பி பூத் உதைத்த ஒரே ஒரு உதை. அதற்குப் பிறகு திங்கட்கிழமைக்காரர்கள் என்னென்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிப்பது சிரமமில்லை. பாரி வுட் அந்தப் பேச்சையெல்லாம் உதறிவிட்டு மருத்துவம் படிக்கப் போனார். முப்பத்திரண்டு வயதில் மருத்துவப் பேராசிரியர் ஆனார், பெரிய ஆராய்ச்சியாளர் என்று பெயர் எடுத்தார். அவர் பிடித்த பந்தையெல்லாம் இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. இந்தத் தொடர் மட்டும் அகராதியில் ஏறிவிட்டது.

இந்த விஷயத்தில் எனக்கு எப்படி அக்கறை வந்தது என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். எங்கள் மகள் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊரில் இருக்கிறாள். நானும் என் மனைவியும் மூன்று தடவை போய்த் தங்கியிருக்கிறோம். மூன்றும் இலையுதிர்காலம். அந்த ஊரில் இலையுதிர்காலச் சனிக்கிழமை என்றால் வேறு எதுவும் கிடையாது. ஊரின் நடுவில் 1927இல் கட்டிய ஒரு மைதானம் இருக்கிறது. ஒரு லட்சத்து ஏழாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரலாம். நம் புதுச்சேரி நகரத்து ஜனத்தொகையில் ஒரு பெரும் பங்கைத் தூக்கிக்கொண்டு போய் ஒரே கிண்ணத்தில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்! அத்தனை பேரும் பார்ப்பது பத்தொன்பது, இருபது வயதுப் பையன் ஒருவனை. முதலில் எனக்கு விளையாட்டே புரியவில்லை. ஆட்களின் பேச்சுதான் என்னைப் பிடித்து இழுத்தது. அந்தப் பேச்சின் பூர்வீகம் என்ன என்று நூலகத்தில் தேடிப் படித்ததில் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. இது நாம் பிரெஞ்சுப் பள்ளியில் 'ஃபுத்போல்' என்று ஆடியது இல்லை. அணிக்குப் பதினொரு பேர்தான், ஆனால் பந்து முட்டை வடிவம், கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், எறியலாம். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியும் பந்து குவார்ட்டர்பேக்கின் கைக்கு வருவதில்தான் தொடங்கும். அவன் அதை ஓடுகிறவனிடம் கொடுக்கலாம், தூரத்தில் ஓடும் தோழனுக்கு எறியலாம், தானே எடுத்துக்கொண்டும் ஓடலாம். யோசிக்க மூன்று நான்கு விநாடி. அதற்குள் நூற்றிருபது, நூற்று முப்பது கிலோ ஆட்கள் நாலைந்து பேர் அவனைக் கீழே சாய்க்க வந்துகொண்டிருப்பார்கள்.

கல்லூரிகளுக்கிடையே முதல் ஆட்டம் 1869 நவம்பர் 6ஆம் தேதி ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் இரண்டுக்கும் நடந்தது. ரட்கர்ஸ் 6-4 என்று வென்றது. அன்று பக்கத்துக்கு இருபத்தைந்து பேர். குவார்ட்டர்பேக் என்ற ஆளே கிடையாது. 1880இல் யேல் பல்கலைக்கழகத்து வால்டர் கேம்ப் வற்புறுத்திப் பதினொரு பேர் என்ற விதியையும், பந்தை ஒரு பக்கத்தார் வைத்துத் தொடங்கும் விதியையும் கொண்டுவந்தார். பந்தைப் பின்னால் நின்று வாங்குகிறவனுக்கு அந்தப் பெயர் வந்தது. பின்வரிசையில் முழுத் தூரத்தில் நிற்பவன் ஃபுல்பேக், பாதியில் நிற்பவன் ஹாஃப்பேக், கால் தூரத்தில் நிற்பவன் குவார்ட்டர்பேக். அவ்வளவுதான், பெயரில் வேறு கௌரவம் ஒன்றுமில்லை.

முன்னோக்கி எறிவது என்பதே அன்று அனுமதி இல்லை. முட்டி மோதி முன்னேறுவதுதான் ஆட்டம். 1905ஆம் வருடத்தில் மட்டும் ஏறத்தாழ இருபது பேர் இந்த விளையாட்டில் செத்துப்போனார்கள். அப்போதைய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த வருடம், 1906இல், எறிதல் அனுமதிக்கப்பட்டது. இருந்தாலும் பெரிய கல்லூரிகள் அதை மதிக்கவில்லை. 1913 நவம்பர் 1ஆம் தேதி, நோத்ர தாம் கல்லூரி ராணுவக் கல்லூரியை அதன் சொந்த இடத்திலேயே 35-13 என்று தோற்கடித்தது. கஸ் டொரே எறிந்தார், நூட் ராக்னி பிடித்தார். அன்றைக்குத்தான் குவார்ட்டர்பேக்கின் கைக்கு மதிப்பு வந்தது. (அமெரிக்கர்கள் அந்தக் கல்லூரியின் பெயரை 'நோட்டர் டேம்' என்கிறார்கள். நம்மால் அப்படிச் சொல்ல நா எழவில்லை, மன்னிக்கவும்.)

கைக்கு மதிப்பு வருவதற்கு முன்பே அவன் மூளைக்கு மார்க் போடத் தொடங்கிவிட்டார்கள். காரணம் உண்டு. வெளியே கோட்டோரம் நிற்கும் பயிற்சியாளர் உள்ளே ஆடுகிறவனுக்கு என்ன ஆட்டம் ஆடுவது என்று சொல்லிக் கொடுப்பது நெடுங்காலம் விதிப்படி குற்றம். பரீட்சை அறையில் வாத்தியார் விடை சொல்லிக் கொடுப்பதற்குச் சமம். ஆகவே ஒவ்வொரு முயற்சிக்கும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தவன் குவார்ட்டர்பேக்தான். தோற்றால் அவன் தேர்வு தப்பு, ஜெயித்தால் அவன் சாமர்த்தியம். களத்துத் தளபதி என்று பத்திரிகைகள் எழுதின. தளபதி என்றால் குணம் வேண்டும், நிதானம் வேண்டும், மற்றவர்கள் பின்னால் வரத்தக்க முகம் வேண்டும். பிற்காலத்தில் விதி தளர்ந்தது. இப்போது பெரும்பாலும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது பயிற்சியாளர். வேலையில் முக்கால் பங்கு மேலே போய்விட்டது, பழியில் ஒரு பைசாவும் குறையவில்லை. அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை.

திறமைக்கு மார்க் போடுவது ஓரளவு நேர்மையான காரியம். கணக்கு இருக்கிறது. 1979இலிருந்து கல்லூரி விளையாட்டு அமைப்பு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. எறிந்து கிடைத்த கெஜத்தை 8.4ஆல் பெருக்கு. ஒவ்வொரு டச்டவுனுக்கும் 330 கூட்டு. எதிரி இடைமறித்துப் பிடித்த ஒவ்வொரு பந்துக்கும் 200 கழி. பிடிபட்ட ஒவ்வொரு எறிதலுக்கும் 100 கூட்டு. மொத்தத்தை எறிந்த தடவைகளால் வகு. இருபது தடவை எறிந்து, பன்னிரண்டு பிடிபட்டு, 150 கெஜம் கிடைத்து, ஒரு டச்டவுன், ஒரு இடைமறிப்பு என்றால், 1260, 330, 1200 மூன்றையும் கூட்டி 200 கழித்தால் 2590. இருபதால் வகுத்தால் 129.5. மகள் வீட்டில் உறை ஒன்றின் பின்பக்கத்தில் இதைப் போட்டுப் பார்த்து நான் அடைந்த சந்தோஷத்தை என் மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பாள். நாற்பது வருடம் படிவங்களில் கூட்டல் பார்த்த கை.

ஆனால் சூத்திரத்துக்குத் தெரியாத விஷயங்கள் பல. சரியாக எறிந்த பந்தைத் தோழன் நழுவவிட்டால் குறைவது எறிந்தவன் மார்க். முன்வரிசை காவல் சரியில்லாமல் அவன் தரையில் சாய்ந்துகொண்டே எறிந்தானா, நின்று நிதானமாக எறிந்தானா என்பதும் அதில் வராது. இந்த இடைவெளியில்தான் ரசிகனின் இரண்டாவது மார்க் நுழைகிறது. மனப்பாங்கு.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். 'கார்னே' என்ற குறிப்பேட்டில் பாடங்களுக்கு இருபதுக்கு இத்தனை என்று 'நோத்' இருக்கும். அதற்குக் கீழே 'கோந்துயித்' என்று தனியாக ஒரு வரி. நடத்தை. கணக்கில் இருபதுக்குப் பதினேழு வாங்கிய பையனுக்கு நடத்தையில் எட்டு இருந்தால், வீட்டில் அப்பா பார்ப்பது எட்டைத்தான். கணக்குக்கு மெத்ர் விடைத்தாளைக் காட்டுவார். நடத்தைக்கு எதைக் காட்டுவார்? ஒன்றும் இல்லை. அவருக்கு அப்படித் தோன்றியது, அவ்வளவுதான்.

பிறகு உத்தியோகத்துக்கு வந்தால் இரகசிய அறிக்கை. அதிலும் அதே இரண்டு பகுதி. ஒரு இலாகாவில் நான் இருந்தபோது என் பக்கத்து மேசை நண்பர் ஒருவருக்கு, வந்து மூன்று மாதம்கூட ஆகாத அதிகாரி 'முன்முயற்சி இல்லை, மனப்பாங்கு திருப்தியில்லை' என்று எழுதிவிட்டுப் போனார். நண்பர் அதிகம் பேசாதவர், அதுதான் அவர் செய்த குற்றம். பதவி உயர்வு நான்கு வருடம் தள்ளிப்போனது. அவர் கோப்புகளைப் பார்த்தவர்களுக்கு அவர் வேலை தெரியும். எழுதியவர் கோப்பைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார்.

அமெரிக்காவில் இந்த முகம் பார்த்து எழுதும் வழக்கத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட, அசிங்கமான சரித்திரம் இருக்கிறது. குவார்ட்டர்பேக் என்றால் மூளை, தலைமை, நிதானம். கறுப்பு இளைஞர்களுக்கு ஓட்டம் உண்டு, பலம் உண்டு, மற்ற மூன்றும் கிடையாது என்று பயிற்சியாளர்களும், பத்திரிகைக்காரர்களும், மைதானத்தில் உட்கார்ந்தவர்களும் தீர்மானித்து வைத்திருந்தார்கள். எங்கும் விதியாக எழுதி வைக்கவில்லை. எழுதாத விதிக்கு மேல்முறையீடும் கிடையாது. உயர்நிலைப் பள்ளியில் பிரமாதமான குவார்ட்டர்பேக்காக இருந்தவனைக் கல்லூரியில் பந்து பிடிக்கிறவனாகவோ, தற்காப்பு ஆளாகவோ மாற்றிவிடுவார்கள். மாற மாட்டேன் என்று அவன் சொன்னால் அதற்கும் ஒரு குறிப்பு தயாராக இருந்தது: மனப்பாங்கு சரியில்லை.

மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வில்லி த்ரோவர் என்று ஒருவர். 'எறிகிறவர்' என்றே பொருள்படும் பெயர்! 1953இல் சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறை அணிக்காகச் சிறிது நேரம் குவார்ட்டர்பேக்காக ஆடினார். அதோடு சரி.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்து சாண்டி ஸ்டீவன்ஸ் கதை இன்னும் மனத்தை உறுத்துகிறது. 1960இல் அவர் தலைமையில் மின்னசோட்டா தேசிய சாம்பியன். அடுத்த பருவத்தின் முடிவில், 1962 ஜனவரி 1ஆம் தேதி, ரோஸ் பௌல் ஆட்டத்தில் அவர் அணி யூசிஎல்ஏவை 21-3 என்று வென்றது, ஆட்டத்தின் சிறந்த வீரர் அவரே. அகில அமெரிக்க அணியில் பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து இடம்பெற்ற முதல் கறுப்பு குவார்ட்டர்பேக். ஹைஸ்மன் கோப்பை வாக்கெடுப்பில் நாலாவது இடம். இதற்கு மேல் ஒரு மாணவன் என்ன பரீட்சை எழுத முடியும்? இரண்டு தொழில்முறை அணிகள் அவரைத் தேர்ந்தெடுத்தன, குவார்ட்டர்பேக்காக ஆடவிட மட்டும் தயாரில்லை. கனடாவில் மாண்ட்ரியல் அணிக்குப் போனார்.

1968இல் ஓக்லாந்து ரைடர்ஸ் அணி செய்த தேர்வைப் பாருங்கள். முதல் சுற்றில் டென்னசி ஸ்டேட்டிலிருந்து எல்ட்ரிட்ஜ் டிக்கி, கறுப்பர். இரண்டாவது சுற்றில் அலபாமாவிலிருந்து கென் ஸ்டேப்ளர், வெள்ளையர். இருவரும் குவார்ட்டர்பேக்குகள். ஒரு அணி முதலில் எடுப்பது தனக்கு அதிகம் வேண்டியவரைத்தானே? டிக்கியைப் பந்து பிடிக்கிறவராக மாற்றினார்கள். முறையான பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் குவார்ட்டர்பேக் இடத்தில் நிற்கவில்லை. ஸ்டேப்ளர் அந்த அணிக்கே சூப்பர் பௌல் வாங்கிக் கொடுத்தார். ஸ்டேப்ளர் நல்ல ஆட்டக்காரர்தான், அதில் சந்தேகமில்லை. டிக்கி எப்படிப்பட்ட குவார்ட்டர்பேக் ஆகியிருப்பார் என்பதைப் பார்க்க மட்டும் யாருக்கும் கொடுத்து வைக்கவில்லை. டென்னசி பல்கலைக்கழகத்து காண்ட்ரெட்ஜ் ஹாலோவே, தெற்கத்திப் பெரிய கல்லூரிகளின் கூட்டமைப்பில் 1972இல் குவார்ட்டர்பேக்காகத் தொடங்கிய முதல் கறுப்பர். அவரைத் தொழில்முறை அணி கேட்டது தற்காப்பு ஆளாக. அவரும் கனடாவுக்கு வண்டி ஏறினார்.

இனி வாரன் மூன். இவர் கதையில் ரசிகர்களே நேராகக் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸ் பையன். குவார்ட்டர்பேக்காக மட்டுமே ஆடுவேன் என்று உறுதியாக இருந்ததால், ஒரு வருடம் சின்னக் கல்லூரி ஒன்றில் ஆடிக் காட்டிவிட்டு, 1975இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். டான் ஜேம்ஸ் என்ற புதிய பயிற்சியாளருக்கும் அதுதான் முதல் வருடம். அந்தப் பருவத்தில் அணி ஆறு ஆட்டம் ஜெயித்து ஐந்து தோற்றது. அடுத்த பருவம் ஐந்து ஜெயித்து ஆறு தோற்றது. சொந்த மைதானத்தில், சொந்த ரசிகர்களே மூன் உள்ளே வரும்போது கூச்சல் போட்டு அவமதித்தார்கள். தோல் நிறத்தைச் சொல்லியும் ஏசினார்கள் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இவன் எறிவது சரியில்லை, இவனிடம் தலைமை இல்லை, உள்ளூர்ப் பையனை விடு, இதுதான் கூச்சலின் சாரம். பயிற்சியாளர் ஜேம்ஸ் அசையவில்லை. இவர்தான் என் குவார்ட்டர்பேக் என்று வைத்துக்கொண்டார். கூச்சல் போடும் அறுபதாயிரம் பேர் எதிரில் இருக்கும்போது அது சின்னக் காரியம் இல்லை. தோற்றால் போவது அவர் உத்தியோகமும்தான்.

1977ஆம் பருவம் முதல் நான்கு ஆட்டத்தில் மூன்று தோல்வியோடு தொடங்கியது. அதற்குப் பிறகு ஏழு ஆட்டத்தில் ஆறு வெற்றி. பலசாலியான தென் கலிபோர்னியா அணியைத் தோற்கடித்த ஆட்டத்தில் மூன் தானே பந்தை எடுத்துக்கொண்டு 71 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். அன்று அதே மைதானம், அதே ஆட்கள், எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். மூனின் மனப்பாங்கு முந்தைய சனிக்கிழமையிலிருந்து மாறியிருக்குமா என்ன? 1978 ஜனவரி 2ஆம் தேதி ரோஸ் பௌலில் மிச்சிகனை 27-20 என்று வென்றார்கள். யாரும் எதிர்பாராத வெற்றி. ஆட்டத்தின் சிறந்த வீரர், மூன்.

அந்த வருடத் தொழில்முறைத் தேர்வில் 28 அணிகள், 12 சுற்று, முந்நூறு பேருக்கு மேல் எடுத்தார்கள். மூன் பெயர் அதில் இல்லை. இடம் மாறினால் எடுப்போம் என்ற பேச்சு முன்பே காதில் விழுந்திருந்ததால், தேர்வு நடப்பதற்கு முன்பே கனடாவின் எட்மண்டன் அணியில் சேர்ந்துவிட்டார். அங்கே 1978இலிருந்து 1982வரை வரிசையாக ஐந்து வருடம் சாம்பியன் கோப்பை. 1984இல்தான் ஹூஸ்டன் அணி கூப்பிட்டது. அதற்குப் பிறகு அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் 49,000 கெஜத்துக்கு மேல் எறிந்தார். 2006இல் தொழில்முறைப் புகழரங்கில் இடம்பெற்ற முதல் கறுப்பு குவார்ட்டர்பேக் ஆனார்.

மூன் ஒதுக்கப்பட்ட அதே தேர்வில், 1978இல், கிராம்ப்ளிங் கல்லூரியின் டக் வில்லியம்ஸை முதல் சுற்றில் டாம்பா பே அணி எடுத்தது. கிராம்ப்ளிங் கறுப்பு மாணவர்களுக்கான கல்லூரி. எடி ராபின்சன் என்ற மகத்தான பயிற்சியாளர் அங்கே பையன்களைக் குவார்ட்டர்பேக்காகவே வளர்த்தார். அங்கே பார்வையாளர்களும் கறுப்பர்கள். இவனால் யோசிக்க முடியுமா என்ற கேள்வியே அந்த மைதானத்தில் எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1988 ஜனவரி 31ஆம் தேதி சூப்பர் பௌலில் வில்லியம்ஸ் ஒரே கால் பகுதியில் நான்கு டச்டவுன் எறிந்தார், 42-10. கறுப்பு குவார்ட்டர்பேக் ஒருவர் அந்தக் கோப்பையை வென்றது அதுதான் முதல் தடவை. அடுத்த வருடம், 1989இல், ஹூஸ்டன் பல்கலைக்கழகத்து ஆண்ட்ரே வேர் ஹைஸ்மன் கோப்பை வாங்கிய முதல் கறுப்பு குவார்ட்டர்பேக். அந்தக் கோப்பை 1935இலிருந்து கொடுத்து வருகிறார்கள்.

நிறம் சம்பந்தப்படாத இடத்திலும் ரசிகனின் கண் அப்படி ஒன்றும் கூர்மை இல்லை என்பதற்கு எங்கள் மகள் ஊரே சாட்சி. டாம் பிரேடி என்ற பெயரை ஃபுட்பால் தெரியாதவர்களும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஏழு சூப்பர் பௌல் வென்றவர். அவர் படித்தது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில். கலிபோர்னியாவிலிருந்து வந்து சேர்ந்தபோது குவார்ட்டர்பேக் வரிசையில் ஏழாவது ஆள். காத்திருந்து காத்திருந்து 1998இல் அவர் முறை வந்தது. அதே வருடம் அதே மாநிலத்திலேயே வளர்ந்த ட்ரூ ஹென்சன் சேர்ந்தார். பேஸ்பாலில் நியூயார்க் யாங்கீஸ் அணியே தேர்ந்தெடுத்திருந்த பையன், உயரம், வாட்டசாட்டம், வலுவான கை. ஊருக்கே அவன்மேல் கண். பிரேடி மெதுவாக ஓடுவார், ஒல்லி. பருவத்தின் முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. இரண்டாவதில் ஹென்சனை உள்ளே விட்டபோது மைதானம் ஆரவாரித்ததாம்.

1999இல் பயிற்சியாளர் லாய்ட் கார் ஒரு விசித்திர ஏற்பாடு செய்தார். முதல் கால் பகுதி பிரேடி, இரண்டாவது கால் ஹென்சன், யார் நன்றாக ஆடினாரோ அவருக்குப் பிற்பாதி. ஒரே நாற்காலிக்கு இரண்டு தலைமை எழுத்தர்! மிச்சிகன் ஸ்டேட்டுடன் ஆட்டத்தில் 27-10 என்று பின்தங்கிய நிலையில் பிரேடியிடம் பந்து வந்தது. விரட்டி விரட்டி 34-31 வரை கொண்டுவந்தார், தோற்றார்கள். ஏற்பாடு பருவ முடிவுவரை தாங்கவில்லை, பிரேடியே நிலைத்தார். 2000 ஜனவரி 1ஆம் தேதி ஆரஞ்சு பௌலில் அலபாமாவுக்கு எதிராக 14 புள்ளி பின்தங்கி, சமன் செய்து, மறுபடி 14 பின்தங்கி, மறுபடி சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 35-34. எறிந்தது 369 கெஜம், நான்கு டச்டவுன். அப்படியும் அந்த வருடத் தேர்வில் ஆறாவது சுற்றில் 199ஆவது பெயராகத்தான் கூப்பிட்டார்கள். அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகள்.

இப்போது ஆன் ஆர்பரில், "நான் ஹென்சன் வேண்டும் என்று கத்தினேன்" என்று சொல்கிற ஒரு ஆளைக்கூடப் பார்க்க முடியாது. நான் விசாரித்த வயதானவர்கள் அத்தனை பேரும் அன்றைக்கே பிரேடியின் கண்ணில் ஏதோ பார்த்தவர்கள். மகளின் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், என் வயதுதான், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், அவர் மட்டும் சற்று யோசித்துவிட்டு, தாம் இருந்த வரிசையில் சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது என்று ஒப்புக்கொண்டார்.

மனப்பாங்குக்கு அள்ளிக் கொடுத்த மார்க்கும் உண்டு. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்து டிம் டீபோ 2007இல் இரண்டாம் வருட மாணவராக ஹைஸ்மன் வென்றார். 2008 செப்டம்பரில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்திடம் 31-30 என்று தோற்றதும், தொண்டை அடைக்க ரசிகர்களிடம் வருத்தம் தெரிவித்து, இனி என்னைப்போல் உழைக்கிற ஒருவனைப் பார்க்க மாட்டீர்கள் என்ற பொருளில் பேசினார். அதற்குப் பிறகு அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டமும் தோற்காமல் தேசிய சாம்பியன். அந்தப் பேச்சை உலோகத்தில் பொறித்து மைதானச் சுவரில் வைத்திருக்கிறார்கள். தொழில்முறையில் அவர் எறியும் முறை எடுபடவில்லை. டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரியின் ஜானி மன்செல் நேர் எதிர். 2012இல் முதல் வருட மாணவராக ஹைஸ்மன் வென்ற முதல் ஆள். திமிர் பிடித்தவன் என்று எதிரணி ரசிகர்களும், அந்தத் திமிர்தான் அழகு என்று சொந்த ரசிகர்களும் சொன்னார்கள். இரண்டும் ஒரே பையனைப் பார்த்துச் சொன்னது. தொழில்முறையில் இரண்டு வருடத்தில் அவர் கதை முடிந்தது. இந்த விஷயத்தில் குறை சொன்னவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

இத்தனை காலமும் இந்தப் பையன்களுக்குச் சம்பளம் கிடையாது. படிப்புச் செலவு, தங்கும் இடம், சாப்பாடு, அவ்வளவுதான். அதனால் "மாணவனைப் பார்த்துக் கூச்சல் போடாதே" என்று சொல்லும் ஒரு தரப்பு மைதானத்தில் எப்போதும் இருந்தது. 2021 ஜூலை 1ஆம் தேதியிலிருந்து வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று ஆயிற்று. அதே வருடம், ஒரு வருடம் வெளியே உட்காராமல் கல்லூரி மாறலாம் என்ற சலுகையும் வந்தது. 2025இல் நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கைப்படி கல்லூரிகளே வீரர்களுக்கு நேராகப் பணம் தரலாம், கல்லூரிக்கு வருடத்துக்கு இரண்டு கோடி டாலர்வரை. நல்ல குவார்ட்டர்பேக்குக்கு அதில் பெரிய பங்கு. பிரேடி மாதிரி ஏழாவது இடத்தில் உட்கார்ந்து முறை வரும்வரை காத்திருக்கிறவன் இனி அபூர்வம். காத்திருந்தால் லட்சியம் இல்லாதவன் என்பார்கள், போய்விட்டால் விசுவாசம் இல்லாதவன் என்பார்கள்.

கடைசியாகப் போயிருந்தபோது அந்தத் தபால்காரர் என்னையும் மைதானத்துக்கு அழைத்துப் போனார். மேலே, ரொம்ப மேலே, எழுபதாவது வரிசைக்கும் அப்பால் இடம். கீழே குவார்ட்டர்பேக் என் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தெரிந்தான். முதல் பாதியில் ஒரு பந்து இடைமறிபட்டது. பையன் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு ஓரமாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த ஒருவர், "பார்த்தீர்களா, அவன் முகத்தில் வருத்தமே இல்லை" என்றார். தபால்காரர் பையிலிருந்து தொலைநோக்கியை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு நிலக்கடலையை உரித்தார்.